பள்ளிக்கு அளவுகோல் யாது?

சென்ற ஆண்டு ஒருநாள் பிற்பகல், செபராங் பிறையிலுள்ள நமது தோட்டத்து ஆபீசுக்குக் குலை வெட்டும் தொழிலாளர் ஒருவர் வந்து நின்றார். ஆறாம் வகுப்பு முடித்த மகளுக்கு இடைநிலைப் பள்ளியில் இடம் தேடும் பாரம் ஒன்று அவர் கையில் இருந்தது. தோட்டத்திலே பாரம் நிரப்புவது கிராணியின் வேலைகளுள் ஒன்று. ஆதலின் நாமும் பேனாவை எடுத்தோம். ஆனால் அவர் கேட்டது பாரத்தைப் பற்றியன்று.

"ஐயா, டவுன்ல இருக்கிற ஸ்கூல் நல்லதா, இங்க பக்கத்தில இருக்கிறது நல்லதா?"

நகரத்துப் பள்ளியிலே தேறியவர் தொகையையும் ஏ பெற்றவர் தொகையையும் எடுத்துச் சொன்னோம். பத்திரிகையிலே வருஷந்தோறும் வரும் கணக்கு அது. ஆங்கில வழிப் பள்ளியில் படித்து வந்த நமக்கு அக்கணக்கிலே ஐயம் தோன்றியதே கிடையாது. அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நல்லாப் படிக்கிற பிள்ளைங்களாப் பாத்துத்தானே அங்க எடுத்துக்கிறாங்க? அப்புறம் அவங்க பாஸ் பண்றது ஸ்கூலோட கெட்டிக்காரத்தனமா, பிள்ளைங்களோட கெட்டிக்காரத்தனமா?" என்றார்.

நாம் பேனாவைக் கீழே வைத்தோம். அன்று அவருக்கு விடை சொல்ல நம்மால் இயலவில்லை. இக்கேள்வி பினாங்கிலே இருநூறு வருஷங்களாகப் பல உருவங்களில் கேட்கப்பட்டு வந்திருக்கிறது என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். படித்ததை வாசகர்கட்கும் சொல்லவே இக்கட்டுரை.

பினாங்குக்கு வருவோர் எவரும் பிரீ ஸ்கூலின் பெயரைக் கேளாமல் திரும்புவதில்லை. ஹட்சிங்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் முன்னின்று முயல, 1816-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 21-ந் தேதி தோன்றிய பள்ளி அது. 'பிரீ' என்ற சொல்லைக் கேட்டு, சம்பளமில்லாப் பள்ளி என்று பலர் எண்ணுவர். அது முழுப் பொருளன்று. கொடுக்க வல்லார் சம்பளம் கொடுத்தனர். இல்லார்க்கு விலக்கு இருந்தது. இன்ன ஜாதி, இன்ன மதம் என்று பாராமல் எல்லாருக்கும் கதவு திறந்திருக்கும் என்பதே அச்சொல்லின் உட்பொருள். ஆங்கிலத்தோடு அவரவர் தாய்மொழியையும் கற்பிக்க வேண்டுமென்ற எண்ணமும் அத்திட்டத்தில் இருந்தது. தமிழுக்கும் அங்கே ஒரு வகுப்பு ஏற்பட்டது. 2016-இல் இந்நாட்டுத் தமிழர் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது அந்த வகுப்பைக் கணக்கில் வைத்துத்தான். அவ்வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை என்பதை விழா மேடைகளிலே பலர் சொல்லாமல் விட்டனர். நாம் சொல்லிவிடுகிறோம்.

ஆக, தொடக்க காலத்து அளவுகோல் ஒன்று நமக்குக் கிடைக்கிறது. பள்ளியின் வாசல் எவ்வளவு அகலம் என்பதே அது. உள்ளே வந்தவர் எத்தனை மார்க்கு வாங்கினர் என்று அந்நாளில் எவரும் பெரிதாகக் கேட்டதில்லை. கேட்கப் பொதுவான பரீட்சையும் இல்லை.

அடுத்த அளவுகோல் பணத்தோடு வந்தது. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவின் ஆளுகையினின்று பிரிந்து நேரே பிரிட்டிஷ் முடியின் கீழ் வந்தன. சர்க்கார் பணம் கொடுத்தால் அப்பணத்துக்குக் கணக்குக் கேட்கவேண்டும் அல்லவா? 1870-இல் கர்னல் வூலி என்பவரின் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்து பள்ளிகளின் நிலையை விசாரித்தது. கல்வி குறைபாடுடையது, சீராக வளரவில்லை என்பதே அக்கமிட்டி கண்ட முடிவு. அதன்பின் 1872-இல் ஸ்கின்னர் என்பவர் பள்ளிகளின் இன்ஸ்பெக்டர் ஆனார். பள்ளியை வெளியாள் ஒருவர் வந்து அளக்கும் வழக்கம் நம் ஊரில் வேரூன்றியது அப்பொழுதுதான்.

அவர்கள் அளந்த முறை சீமையிலிருந்து வந்தது. 1862-இல் இங்கிலாந்திலே ராபர்ட் லோ என்ற மந்திரி ஒரு விதி செய்தார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒன்று ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் நாலு ஷில்லிங். பரீட்சையில் தேறினால் எட்டு ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றில் எதிலே தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பள்ளியின் பணத்திலே வெட்டு. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்திக் கேட்பார். இம்முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திண்ணைப் பள்ளி உபாத்தியாயர்களும் தேறிய பிள்ளைகளின் தலையை எண்ணிப் பணம் பெற்றனர். இலங்கைக்கும் வந்தது. நம் நீரிணைக் குடியேற்றங்களில் உதவிபெறும் பள்ளிகளின் உதவித்தொகையும் பரீட்சைத் தேர்ச்சியைப் பொறுத்து அமைந்தது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. வேலைக்கு ஏற்ற கூலி என்ற நியாயம். ஆனால் நடந்தது என்ன? வாசிப்புப் பரீட்சைக்குரிய புத்தகம் முன்னதாகவே தெரியும் ஆதலால் பிள்ளைகள் அதை முழுவதும் மனப்பாடம் செய்தனர். புத்தகத்தைப் பாராமலே 'வாசித்தனர்'. பணம் தராத பாடங்களாகிய பூகோளமும் சரித்திரமும் ஓரத்துக்குப் போயின. எப்படியும் தேறிவிடுவான் என்ற பிள்ளையிடமும், எப்படியும் தேறமாட்டான் என்ற பிள்ளையிடமும் உபாத்தியாயர்க்கு வேலை குறைந்தது. நடுவிலே நின்றவனைத் தள்ளிக் கரையேற்றுவதே தொழிலாயிற்று. மாத்தியூ ஆர்னால்டு என்ற கவிஞர் தாமே பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தும் இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தே அதைக் கைவிட்டது. விதி போயிற்று; அது ஊட்டிய மனப்பான்மை போகவில்லை. பள்ளி என்பது தேர்ச்சிகளை உற்பத்தி செய்யும் ஆலை என்ற எண்ணம் இன்றும் நம்முள்ளே இருக்கிறது. நாமே அத்தொழிலாளருக்கு அன்று சொன்ன விடை அதுதானே!

1891-இல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இந்நாட்டுக்கு வந்தன. அதற்குமுன் 1885-இல் செசில் கிளெமெண்டி ஸ்மித் காலத்திலே வகுத்த திட்டப்படி, 'குவீன்ஸ் ஸ்காலர்ஷிப்' என்னும் உதவிச் சம்பளமும் ஏற்பட்டிருந்தது. ஆண்டுக்கு ஓரிருவரைச் சீமைக்கு அனுப்பும் பரிசு அது. பினாங்கு பிரீ ஸ்கூல் மாணாக்கரான வூ லியென் தே 1896-இல் அதைப் பெற்று, கேம்பிரிட்ஜில் வைத்தியம் படித்து, பின்னர் 1910-11-இல் மஞ்சூரியாவிலே பரவிய பிளேக்கை அடக்கி உலகப் புகழ் கொண்டார். துணியாலும் பஞ்சாலும் ஆன முகமூடியை அவர் அந்நோய்க்கு எதிராகப் பரப்பியதைக் கொரோனா காலத்திலே பலரும் நினைவு கூர்ந்தனர். அவர் படித்த பள்ளி பெருமை கொள்வது நியாயமே. ஆயினும், அப்பெருமையே ஒரு மயக்கத்தையும் தந்தது. பட்டியலின் உச்சியிலே ஒரு பெயர் இருந்தால் பள்ளி முழுவதும் உயர்ந்தது என்று ஊர் நம்பியது. ஒருவனைச் சீமைக்கு அனுப்பும் முயற்சியிலே ஒரு வகுப்பின் வேலை முழுவதும் வளைந்து போகக்கூடும் என்ற குறையும் எழுந்தது. 1911-இல் அந்த ஸ்காலர்ஷிப்பை நிறுத்தினர். 1920-களிலே மீண்டும் கொண்டுவந்தனர். நல்லதா கெட்டதா என்று கொடுத்தவர்களுக்கே நிச்சயமில்லை போலும்.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லவேண்டும். இந்நாட்டில் பி. ராம்லியின் பாட்டைக் கேளாத காது இல்லை. அவரும் பிரீ ஸ்கூலிலே படித்தவர்தாம். ஜப்பானியர் வருகையால் படிப்பு முறிந்தது. எந்தத் தேர்ச்சிப் பட்டியலும் அவரை அளக்கவில்லை. தெருவிலே நிற்கும் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் அறிந்த பெயர் அப்பள்ளியிலே அதுவே. இதனால் பரீட்சை வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணற்க. பரீட்சை என்பது ஓர் அளவு. ஆளின் அளவன்று, பள்ளியின் அளவும் அன்று.

அது எதன் அளவு? இதைத் தோட்டத்து வாசகர்கட்கு விளக்குவது எளிது. பட்டணத்து வாசகர் சற்றுப் பொறுத்துக் கேட்கட்டும்.

பால்மரக் காலத்திலே ஒவ்வொரு வெட்டுக்காரருக்கும் ஒரு நிரை உண்டு. பொழுது ஏறியபின் பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவருவர். கிராணி நிறுத்து எழுதுவார். முதிய கிராணிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்: புதிதாக வந்த கிராணி எடைப் புத்தகத்தை மட்டும் பார்த்து 'இவன் கெட்டிக்காரன், அவள் சோம்பேறி' என்று எழுதுவானாம். பழகிய கிராணியோ முதலில் நிரையைக் கேட்பார். மரம் எந்த வருஷத்தது, பட்டை எப்படி, மேடா பள்ளமா, நேற்று மழையா? கிழட்டு மரத்திலே அரை வாளி கொண்டுவந்தவளின் கை, இளமரத்திலே ஒரு வாளி கொண்டுவந்தவன் கையைவிடத் தேர்ந்ததாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. பாலிலே தண்ணீர் கலந்தால் எடை ஏறும். அதற்காகவே மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, உள்ளே உண்மையான ரப்பர் எவ்வளவு என்று பார்த்தனர். இப்பொழுது நமது தோட்டத்தில் செம்பனைதான். அங்கும் கன்று நட்ட வருஷத்தைக் கேளாமல் குலையின் எடையை வைத்து ஒருவரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

மரத்துக்குக் காட்டும் இந்த நியாயத்தைப் பிள்ளைகளுக்கு ஏன் காட்டவில்லை? தேர்ந்தெடுத்த பிள்ளைகளை வாங்கிக்கொண்ட பள்ளி இளமர நிரை. ஆறு வருஷம் தமிழிலே படித்துவிட்டு, மலாய் மொழியிலே எல்லாப் பாடங்களையும் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளை வாங்கும் பள்ளி வேறு நிரை. கடைசி மூன்று மாதத்திலே பழைய கேள்வித்தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதவைப்பது தண்ணீர் கலப்பதற்குச் சமம்.

இந்த நியாயத்தை அறிஞர்களும் தாமதித்தே கண்டனர். 1966-இல் அமெரிக்காவிலே ஜேம்ஸ் கோல்மன் என்பவர் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணாக்கரை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். பிள்ளைகளின் மார்க்கு வித்தியாசத்துக்குப் பள்ளியின் கட்டடத்தையும் செலவையும் விட வீட்டு நிலையே பெருங்காரணம் என்று அதிலே கண்டது. 'அப்படியானால் பள்ளியால் பயனில்லையா?' என்று பலர் கலங்கினர். அது தவறான முடிவு. பள்ளி என்ன செய்தது என்று அறியவேண்டுமானால், பிள்ளை எங்கே நின்றது என்பதைப் பார்த்தல் போதாது. எங்கிருந்து எங்கே வந்தது என்று பார்க்கவேண்டும். 1992-இல் டென்னிசி மாநிலம் சட்டம் செய்து இவ்வளர்ச்சிக் கணக்கைத் தொடங்கியது. அக்கணக்கை வகுத்த வில்லியம் சாண்டர்ஸ் விவசாயப் புள்ளிவிவரத்திலே பழகியவர் என்று படித்தபோது நமக்கு உண்டான மகிழ்ச்சியை வாசகர் மன்னிக்கவேண்டும். பயிரையும் மண்ணையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்க்கே அது தோன்றியிருக்கிறது! அவருடைய கணக்கிலும் குறை உண்டு. சிறு வகுப்பிலே இரண்டு பிள்ளைகளின் காய்ச்சலால் ஓர் உபாத்தியாயரின் பெயர் ஏறும், இறங்கும். ஆயினும் கேள்வி சரியான கேள்வி.

தவறான கேள்வியால் ஒரு நல்ல பள்ளி அழிந்தே போனதற்குத் தமிழர் சரித்திரத்திலே ஓர் உதாரணம் உண்டு. அதற்காகச் சிறிது கடல் தாண்டி யாழ்ப்பாணம் செல்வோம். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ரயில்வே ஆபீசுகளையும் கச்சேரிகளையும் நிரப்பிய பழைய கிராணிமாருள் யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பள்ளிகளிலே படித்தவர் மிகப் பலர் ஆதலால் அந்த ஊர் நமக்கு அந்நியம் அன்று. 1823-இல் அமெரிக்கப் பாதிரிமார் வட்டுக்கோட்டையிலே ஒரு செமினரியைத் தொடங்கினர். ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானசாஸ்திரமும் அங்கே நடந்தன. முப்பது வருஷங்களுக்குப் பிறகு பாஸ்டனிலுள்ள சங்கத்தினின்று ரூபஸ் ஆண்டர்சன் முதலியோர் வந்து விசாரித்தனர். அவர்கள் கையிலிருந்த அளவுகோல் வேறு: இப்பள்ளி எத்தனை ஊழியரைச் சபைக்குத் தந்தது? படித்தவர்கள் சர்க்கார் உத்தியோகத்துக்கும் கச்சேரி வேலைக்கும் போய்விட்டனர். ஆதலின் பள்ளி தோற்றது என்று தீர்ப்பாயிற்று. 1855-இல் கதவு மூடப்பட்டது.

சரியாக இரண்டு வருஷங்களிலே, 1857-இல், சென்னைச் சர்வகலாசாலை தன் முதல் பி.ஏ. பரீட்சையை நடத்தியது. தேறியோர் இருவர்: சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும். இருவரும் மூடப்பட்ட அந்த வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணாக்கர்! தாமோதரம் பிள்ளை பின்னர் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டுச் சுவடியினின்று எடுத்து அச்சேற்றினார். செல்லுக்கு இரையாக இருந்த நூல்களைக் காத்த கை அது. பள்ளியை மூடியவர்கள் பொய்யர் அல்லர். தாம் வைத்த அளவிலே அவர்கள் சரியாகவே அளந்தனர். அளவுகோல்தான் சிறியது.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். இங்கே அளவுகோல் நெடுங்காலம் ஒன்றே ஒன்றாக இருந்தது: பள்ளி என்று ஒரு கொட்டகை இருக்கிறதா, இல்லையா? கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்திலே முதலாளி பள்ளி வைக்கவேண்டும் என்று விதித்தது. எண்ணிக்கை உயர்ந்தது. கொட்டகையிலே யார் கற்பித்தார் என்று எவரும் அதிகம் கேட்கவில்லை. கங்காணியோ, எழுத்தறிந்த தொழிலாளியோ, பொழுது கிடைத்தபோது கிராணியோ உபாத்தியாயர் ஆனதுண்டு. நம் தொழிலின் மூதாதையர் செய்த காரியம் ஆதலின் இதை நாம் வெட்கத்துடனேயே எழுதுகிறோம். 1957-இல் நாடு சுதந்தரம் அடைந்தபோது தமிழ்ப் பள்ளிகள் 888 இருந்தன. அவற்றுக்கு மேலே ஏறிச் செல்லத் தமிழிலே இடைநிலைப் பள்ளி ஒன்றும் இல்லை, இன்றும் இல்லை. மாடி இல்லாத வீட்டுக்கு ஏணி எதற்கு என்று இருந்துவிட்டோம்.

1956-இல் வந்த ரசாக் அறிக்கைக்குப் பிறகு தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குள் நுழைய ஒரு வருஷப் புகுமுக வகுப்பு என்னும் வாசல் ஏற்பட்டது. அவ்வாசலுக்கு முன் நுழைவுப் பரீட்சை ஒன்று காவல் நின்றது. தவறியவர்களிற் பெரும்பாலோர்க்குப் படிப்புப் பன்னிரண்டு வயதோடு முடிந்தது. 1965 முதல் அக்காவல் நீங்கி, எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் பாரம் வரை செல்லலாம் என்றாயிற்று. நமது எண்ணத்திலே, இந்நாட்டுக் கல்விச் சரித்திரத்தில் எந்தப் பரிசு விழாவையும்விடப் பெரிய நாள் அது. ஆனால் மூன்றாம் பாரத்து முடிவிலே அடுத்த காவல் நின்றது. எல்.ஸி.இ. என்று பெயர், 1978-இல் எஸ்.ஆர்.பி. ஆயிற்று; 1993-இல் பி.எம்.ஆர்.; 2014-இல் பி.டி.3. எஸ்.ஆர்.பி. காலம் வரை அதிலே தவறுவது என்றால் பள்ளியை விட்டு வெளியேறுவது என்றே பொருள். அப்படி வெளியேறிய பையன்கள் நேரே பெரட்டிலே வந்து நின்றதைத் தோட்டத்து முதியோர் நன்கறிவர்.

2021-இல் ஆறாம் வகுப்புப் பரீட்சையாகிய யு.பி.எஸ்.ஆரும், 2022-இல் பி.டி.3-ம் நீக்கப்பட்டன. உடனே ஒரு கூக்குரல் எழுந்தது. 'இனிப் பள்ளியின் தரத்தை எப்படி அறிவோம்?' என்று பெற்றோர் கேட்டனர். அறிந்திருந்தோம் என்ற நினைப்பல்லவா அக்கூக்குரலுக்கு ஆதாரம்! அளவுகோல் போயிற்று என்று அழுகிறோம். அது எதை அளந்தது என்று கேட்டோமில்லை.

சர்க்காரிடம் வேறு அளவுகள் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். 1956-இல் ஏற்பட்ட பள்ளி நஸீர் சபை இன்றும் பள்ளிகளைப் பார்வையிடுகிறது. கல்வித் தரக் கணக்கு ஒன்றும் நடைமுறையிலே இருக்கிறது. 2010-இலும் 2017-இலும் திருத்தி வகுத்த அக்கணக்கு, தலைமை, நிர்வாகம், பாடம் நடத்தும் முறை, மாணாக்கர் அடையும் பயன் முதலியவற்றை ஐந்து பிரிவாகப் பார்க்கிறது. பள்ளிகள் தமக்குத் தாமே மார்க்கு இட்டுக்கொள்வதும் அதில் உண்டு. சமையற்காரர் தம் குழம்புக்குத் தாமே மார்க்கு இடுவது போன்றதுதான். என்றாலும் உப்பைப் பார்க்கவேண்டும் என்ற நினைவாவது அதனால் வரும். பெற்றோர் கையிலே அது எட்டுவதில்லை என்பதே நமது குறை.

பெற்றோர் தாமே கேட்டறியக்கூடியவை சில உண்டு. புகுமுக வகுப்பிலே சேர்ந்த பிள்ளைகளிலே ஐந்தாம் பாரத்தில் எஸ்.பி.எம். எழுதும்வரை தங்கியவர் எத்தனை பேர்? நூறு பேர் நுழைந்து அறுபது பேர் எழுதி அறுபதும் தேறினால், பத்திரிகையிலே வருவது நூற்றுக்கு நூறு. காணாமற்போன நாற்பது எந்தச் சதவீதத்திலும் இல்லை. பள்ளியின் கடைசி வகுப்புக்கு யார் பாடம் நடத்துகிறார்? முதல் வகுப்புக்கு நல்ல உபாத்தியாயரும், கடைசி வகுப்புக்கு மாற்றலை எதிர்பார்த்து நிற்பவரும் என்றால் அப்பள்ளியின் கொள்கை அதிலேயே தெரியும். புகுமுக வகுப்பு உபாத்தியாயர் தமிழ்ப் பிள்ளையின் பெயரைச் சரியாக உச்சரிக்கிறாரா என்று கூடக் கேட்கலாம். சிறிய கேள்விதான். பன்னிரண்டு வயதிலே அது சிறியதன்று.

தமிழ் வகுப்பைப் பற்றியும் கேட்கவேண்டும். பதினைந்து மாணாக்கரின் பெற்றோர் வேண்டிக்கொண்டால் சர்க்கார்ப் பள்ளியிலே தாய்மொழி கற்பிக்க வழி செய்யலாம் என்று கல்விச் சட்டம் கூறுகிறது; 1961-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் உண்டு, 1996-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் உண்டு. ஹட்சிங்ஸ் பாதிரியார் 1816-இல் திறந்து மூடிப்போன அந்த வகுப்பு, இப்பொழுது பதினைந்து கையெழுத்துக்குள் இருக்கிறது. பல ஊர்களிலே கையெழுத்துத் திரட்ட ஆளில்லை. பிறகு, 'பள்ளி தமிழைப் புறக்கணித்தது' என்று மேடையிலே முழங்குகிறோம். புறக்கணித்த பள்ளிகளும் உண்டு. கேளாத பெற்றோரும் உண்டு. இரண்டையும் சொல்வதே நேர்மை.

முதலிலே சொன்ன தொழிலாளருடன் ஒரு சனிக்கிழமை ஓய்வு கேட்டுக்கொண்டு, இரண்டு பள்ளிகளுக்கும் நாமே போனோம். நகரத்துப் பள்ளியிலே மரியாதையாகவே வரவேற்றனர். கண்ணாடி அலமாரியிலே வெள்ளிக் கோப்பைகள். சுவரிலே ஏ பெற்றவர் படங்கள். ஆறு வருஷத்துக்கு முன் புகுமுக வகுப்பிலே சேர்ந்தவர் எத்தனை, இவ்வருஷம் எஸ்.பி.எம். எழுதுவோர் எத்தனை என்று கேட்டோம். ஆபீசிலிருந்தவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, அப்படி ஒருவரும் கேட்டதில்லை என்றார். பொய் சொல்லவில்லை, கேட்டிருக்கமாட்டார்கள்.

அருகிலுள்ள பள்ளியிலே கோப்பைகள் குறைவு. கூரை ஓரிடத்தில் ஒழுகி, வாளி ஒன்று வைத்திருந்தனர். அதே கேள்வியைக் கேட்டபோது, ஓர் உபாத்தியாயினி இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார். இருபத்துமூவர் சேர்ந்தனர், பதினெண்மர் எழுதப்போகின்றனர். விட்டுப்போன ஐவரையும் விரல்விட்டுச் சொன்னார். ஒருவன் தகப்பனோடு ஜோகூருக்குப் போனான்; இருவர் வேலைக்கு; ஒருத்திக்குத் தாய் இறந்தாள்; ஒருவன் எங்கே என்று தெரியவில்லை, இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், காலி செய்துவிட்டார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது தொழிலாளர், "இங்கேயே போடலாம் ஐயா" என்றார். பிறகு, "தமிழ் இருக்கா?" என்று கேட்டார். நாம் மறந்த கேள்வி அது. திரும்பி உள்ளே போய்க் கேட்டோம். இல்லை, இதுவரை கேட்டவர் தொகை போதவில்லை என்றார் உபாத்தியாயினி.

பெண் இப்பொழுது புகுமுக வகுப்பிலே படிக்கிறாள். அவள் தகப்பனார் பெரட்டு முடிந்ததும் லயம் லயமாகவும், அப்பால் தாமான் வீடுகளிலும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அலைகிறார். மேலே உள்ள மலாய் வாசகத்தை எழுதிக் கொடுத்தது நாம். சென்ற வாரம்வரை பதினொரு கையெழுத்து.